மாங்காட்டில் கடல் கிடையாது, ஆனால் கப்பல் கடத்தலாம்! 'பைரேட் போர்க்' விளையாட்டும் 1696-ல் மெட்ராஸில் நடந்த நிஜக் கதையும்

மாங்காட்டில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. குன்றத்தூர் ரோட்டில் டிராஃபிக் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் செம்பரம்பாக்கம் ஏரியும் இருக்கிறது. கடல் மட்டும்தான் இல்லை. அலைச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் மெரினா வரைக்கும் போக வேண்டும். வாரம் முழுக்க போரூர் சிக்னலில் நின்றவர்களுக்கு சனிக்கிழமை அதற்கெல்லாம் தெம்பு ஏது?

ஆனால் நாலு நண்பர்கள், ஒரு மேஜை, கொஞ்சம் பகடைகள் இருந்தால் மாங்காட்டு மொட்டை மாடியிலேயே ஒரு கப்பலைக் கடத்திவிடலாம். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று சொல்லப்படும் விளையாட்டு வகை அதற்குத்தான் இருக்கிறது. அதில் கடற்கொள்ளையர்களை மையமாக வைத்து வந்த விளையாட்டுதான் 'பைரேட் போர்க்'. ஜாலியான கொள்ளையர் கதையை நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அழுக்கு, பசி, துரோகம், பிணவாடை என்று போகும் விளையாட்டு இது. நீங்கள் ஆசையாக உருவாக்கிய கதாபாத்திரம் முதல் ராத்திரியே செத்துப்போக நிறைய வாய்ப்பு உண்டு.

எதுக்கு இவ்வளவு இருட்டு? சும்மா பயமுறுத்தவா? பதில் பாதி வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு பக்கம் நம்ம மெட்ராஸ் கரையிலேயே நடந்திருக்கிறது.

தாயம் தெரியும்ல? அதுல கதையைச் சேருங்க

முதல் தடவை கேள்விப்படுபவர்களுக்காக அடிப்படையிலிருந்து வருவோம். இந்த வகை விளையாட்டில் போர்டு கட்டாயம் இல்லை, காய்களும் கட்டாயம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். ஆங்கிலத்தில் அவரை கேம் மாஸ்டர் என்பார்கள், நாம் கதைசொல்லி என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். கதைசொல்லி சூழ்நிலையைச் சொல்வார்: "ராத்திரி ரெண்டு மணி. கேப்டன் தூங்குறார். அவர் இடுப்புல ஆயுத அறையோட சாவி தொங்குது." அடுத்து கேட்பார்: "நீ என்ன பண்ற?"

மொத்த விளையாட்டும் அந்த ஒரு கேள்விதான். சாவியை எடுக்கலாம், கேப்டனை எழுப்பி எல்லோரையும் காட்டிக்கொடுக்கலாம், குதித்து நீந்தியும் போய்விடலாம். வீடியோ கேமில் டெவலப்பர் யோசித்து வைத்த வழிகள் மட்டும்தான் இருக்கும். இங்கே அப்படி வேலி எதுவும் இல்லை. ஆனால் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டால் அது விளையாட்டாக இருக்காதே. அங்கேதான் பகடை வருகிறது.

இந்த வகையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சீரிஸில் பசங்க வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான். அந்த விளையாட்டில் நாயகர்கள் போகப் போக பலசாலி ஆவார்கள். அதற்கு நேர் எதிர்த் திசையில் 2020-ல் ஸ்வீடனிலிருந்து ஒன்று வந்தது. பெயர் 'மோர்க் போர்க்'. ஸ்வீடிஷ் மொழியில் இருட்டுக் கோட்டை என்று அர்த்தம். எழுதியவர் பெல்லே நில்சன், வடிவமைத்து வரைந்தவர் யோஹன் நோர். மஞ்சளும் கறுப்புமாக, மெட்டல் இசை ஆல்பத்தின் அட்டையைப் போல இருக்கும் அந்தப் புத்தகத்தில் உலகம் அழிந்துகொண்டே இருக்கும், கதாபாத்திரங்கள் நோஞ்சான்களாக இருப்பார்கள். அதன் விதிகளை எடுத்து மற்றவர்களும் தங்கள் விளையாட்டை உருவாக்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். அந்த வழியில் பிறந்த குழந்தைகளில் ஒன்றுதான் 'பைரேட் போர்க்'. உருவாக்கியவர் லிமித்ரான் என்ற பெயரில் இயங்கும் லூக் ஸ்ட்ராட்டன்.

ஜாக் ஸ்பாரோவை எதிர்பார்க்காதீர்கள்

கதை நடக்கும் இடம் 'டார்க் கரீபியன்'. கொள்ளையர் காலத்துக் கரீபியன் கடல்தான், ஆனால் செத்தவர்கள் எழுந்து நடக்கும் கடல். அந்த நடைபிணங்களைப் பொடியாக அரைத்து போதைப்பொருளாக விற்கிறார்கள். அதன் பெயர் 'ஆஷ்', அதாவது சாம்பல். அதைக் கடத்துவதுதான் அங்கே பெரிய பிசினஸ். சர்க்கரை, புகையிலை என்று மனித உடல்களைப் பிழிந்து லாபம் பார்த்த காலனியப் பொருளாதாரத்தைக் கொஞ்சம் திருகி வைத்தால் இது கிடைத்துவிடும். பேய்க்கதை போலத் தெரிந்தாலும் அந்த 'ஆஷ்' யோசனை ரொம்பக் கூர்மையானது.

விதிகள் சிம்பிள். வலிமை, சுறுசுறுப்பு, ஆளுமை, தாங்கும் சக்தி, ஆன்மபலம் என்று ஐந்து திறன்கள். ஒரு காரியம் செய்ய வேண்டுமென்றால் 20 பக்கப் பகடையை உருட்டி, அதில் வரும் எண்ணோடு உங்கள் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். சாதாரணமாக 12 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். உங்கள் திறன் எண் பூஜ்யம் என்றால் 12 முதல் 20 வரை, ஒன்பது எண்கள்தான் உங்கள் பக்கம். அதாவது வெற்றி வாய்ப்பு 45 சதவீதம். திறன் எண் மைனஸ் இரண்டு என்றால் 35 சதவீதம். எதிரி உங்களை வெட்ட வந்தால் கதைசொல்லி பகடை உருட்ட மாட்டார், தப்பிக்க நீங்கள்தான் உருட்ட வேண்டும். ஆக, செத்தாலும் அது உங்கள் கையால் உருட்டிய பகடையால்தான். யாரையும் திட்ட முடியாது! ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு உயிர்ப்புள்ளி ஒற்றை இலக்கம்தான் இருக்கும். துப்பாக்கிக் குண்டு ஒன்றிரண்டு பட்டால் கதை முடிந்தது.

கதாபாத்திரத்தின் ஆயுதம், உடை, கெட்ட பழக்கம் எல்லாவற்றையும் பகடையே முடிவு செய்துவிடும் என்பதால் புது ஆளை உருவாக்க சில நிமிஷம் போதும். இதை ஒரு குறை என்று நினைக்கத் தோன்றும். ஆடிப் பார்த்தால் தெரியும், இதுதான் இதன் பலம். எளிதில் சாகலாம் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் நாலு பேரும் யோசிக்க ஆரம்பிப்பார்கள். பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், லஞ்சம் கொடுக்கப் பார்ப்பார்கள், ஓடப் பார்ப்பார்கள். நிஜக் கொள்ளையர்களும் முடிந்தவரை அதைத்தான் செய்தார்கள். எதிர்க் கப்பல் சண்டை போடாமல் பயந்து சரணடைவதுதான் அவர்களுக்கு லாபம். கறுப்புக் கொடியே அதற்குத்தான்.

மணிமாறனும் நிஜக் கொள்ளையனும்

தமிழ் ரசிகருக்குக் கடற்கொள்ளையர் என்றதும் நினைவுக்கு வருவது 1965-ல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. அடிமையாக விற்கப்படும் வைத்தியர் மணிமாறன், கடற்கொள்ளையனாக மாறுகிறார். எம்.ஜி.ஆர் என்பதால் கொள்ளையடித்தாலும் நல்லவர்தான். 2014-ல் டிஜிட்டலில் மறுபடி வெளியானபோதும் தியேட்டரில் விசில் பறந்தது. ஹாலிவுட்டும் அந்த ரூட்தான். தொப்பி, கிளி, ரம், ஒரு கண் கட்டு.

அதில் ஒரு பாதி உண்மை. கொள்ளையர்களில் பலர் அதற்கு முன் சாதாரண மாலுமிகள். ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1694-ல் ஸ்பெயினின் ஒரு துறைமுகத்தில் அவர் வேலை பார்த்த கப்பல் மாதக்கணக்கில் நின்றது, சம்பளமும் வரவில்லை. ஹெச்.ஆருக்கு மெயில் போட முடியாத காலம். மாலுமிகள் கப்பலையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கொள்ளையர் கப்பல்களில் கேப்டனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், கொள்ளைப் பணத்தில் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் உண்மை.

மறுபாதியைத்தான் சினிமா வெட்டிவிடுகிறது. கரீபியன் கொள்ளையரோடு பயணம் செய்த எக்ஸ்க்வெமெலின் 1678-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர்களது காப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. வலது கை போனால் 600 வெள்ளி நாணயம். இடது கை என்றால் 500. கண் ஒன்று போனால் 100. 'அட, நம்ம கம்பெனி இன்சூரன்ஸைவிட நல்லா இருக்கே' என்று தோன்றும்போதே அடுத்த வரி வருகிறது. வலது கைக்கு 600 நாணயத்துக்குப் பதில் ஆறு அடிமைகளையும் வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுப் போட்ட அதே கப்பலில் மனிதர்கள் சில்லறைக் காசாகவும் இருந்தார்கள்.

எவ்ரிக்கு வருவோம். கப்பலைத் திருடிய அடுத்த வருடமே, 1695 செப்டம்பரில், அவர் நம் பக்கத்துக் கடலுக்கு வந்தார். மெக்கா யாத்திரை முடித்துச் செங்கடல் வழியாக சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவுரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைப் பிடித்தார். தங்கமும் வெள்ளியும் மட்டும் போகவில்லை. பயணிகளை நாள்கணக்கில் சித்திரவதை செய்தார்கள், பெண்களை வன்கொடுமை செய்தார்கள். இங்கிலாந்தில் எவ்ரியைப் பற்றிப் பாட்டும் நாடகமும் வந்தன. கடைசிவரை அவர் பிடிபடவே இல்லை.

சென்னையில் உட்கார்ந்து இந்த விளையாட்டை ஆடுபவர்களுக்கு ஒரு சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. ஹாலிவுட் படத்தில் நாம் கொள்ளையன் பக்கம் நின்று கைதட்டுகிறோம். ஆனால் வரலாற்றில் நம்ம ஊர் ஆட்கள் பெரும்பாலும் கொள்ளையடிக்கப்பட்ட கப்பலின் கீழ்த்தளத்தில்தான் இருந்தார்கள். கொள்ளையரை ஜாலி ஆசாமிகளாக மட்டும் காட்டும் விளையாட்டில் அந்தக் கீழ்த்தளத்துக்கு இடமே இருக்காது. அசிங்கத்தை அசிங்கமாகவே வைத்திருக்கும் விளையாட்டில் அதற்கு இடம் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம், 'கொள்ளையன்' என்ற பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மராட்டியக் கடற்படைத் தளபதி கானோஜி ஆங்கரே ஆங்கிலேயரின் ஆவணங்களில் கொள்ளையர். கோழிக்கோடு சாமூதிரியின் கடற்படையில் இருந்த குஞ்ஞாலி மரைக்காயர்களுக்கும் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் அதேதான். 1600-ல் நான்காம் குஞ்ஞாலியைக் கோவாவில் கொன்றார்கள். இன்னும் பின்னால் போனால், கடம்பு மரத்தைக் காவல் மரமாகக் கொண்ட கடல் எதிரிகளை நெடுஞ்சேரலாதன் அடக்கியதைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் கொள்ளையருக்குப் பயந்து வில்வீரர்களை ஏற்றி வந்ததாக எழுதியிருக்கிறார். சுருக்கமாக, இந்தத் தொழில் நமக்குப் புதிதில்லை.

1696: மெட்ராஸில் காணாமல் போன கப்பல்

இப்போது நம்ம ஊர்க் கதை. ராபர்ட் கல்லிஃபோர்ட் என்று ஒரு ஆங்கிலேய மாலுமி. 1690-ல் கரீபியனில் வில்லியம் கிட் என்ற கேப்டனிடம் வேலை பார்த்தார். ஒருநாள் கிட் கரையில் இருந்தபோது கல்லிஃபோர்டும் கூட்டாளிகளும் அவருடைய கப்பலை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். இந்தக் கிட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்.

சுற்றிச் சுற்றி கல்லிஃபோர்ட் இந்தியாவுக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஜோசையா' என்ற சிறிய கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1696-ல் அந்தக் கப்பல் மெட்ராஸில் நின்றபோது கல்லிஃபோர்டும் சிலரும் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் மூக்குக்குக் கீழே, கம்பெனியின் கப்பல் கம்பெனியின் ஆட்களாலேயே திருடப்பட்டது.

சினிமா என்றால் இங்கே இன்டர்வெல் பிளாக் வைத்து ஹீரோ பாட்டுப் பாடுவார். நிஜத்தில் நடந்தது வேறு. வங்காள விரிகுடாவில் போய்க்கொண்டிருக்கும்போதே கம்பெனிக்கு விசுவாசமான மாலுமிகள் கப்பலைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள். கல்லிஃபோர்டை நிக்கோபார் தீவுகளில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கப்பல் திருடியவன் கப்பல் இல்லாமல் தீவில் நின்றான். அதே 1696-ல் கம்பெனியின் இன்னொரு கப்பலான 'மோக்கா'விலும் கலகம் நடந்து, கேப்டன் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கப்பலை வைத்திருந்த கொள்ளையர்கள்தான் பின்னால் கல்லிஃபோர்டை ஏற்றிக்கொண்டார்கள். சில மாதங்களில் அதன் தலைவர் செத்துப்போக, கல்லிஃபோர்டே கேப்டன் ஆனார்.

இந்த இடத்தில் கிட் திரும்ப வருகிறார். இந்தத் தடவை கொள்ளையரைப் பிடிப்பதற்காக இங்கிலாந்து அரசின் உத்தரவோடு வந்திருந்தார். ஆனால் அவரே 1698 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் 'கெடா மெர்ச்சன்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்துவிட்டார். அதே வருடம் மடகாஸ்கர் பக்கத்தில் உள்ள செயின்ட் மேரி தீவில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். கிட்டின் மாலுமிகளில் பெரும்பாலானோர் அவரை விட்டுவிட்டு கல்லிஃபோர்ட் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே ஆளிடம் முதலில் கப்பலை இழந்து, எட்டு வருடம் கழித்து ஆட்களையும் இழந்த கேப்டன் வேறு யாராவது இருப்பார்களா, தெரியவில்லை.

இதை மேஜைக்குக் கொண்டுவந்தால்?

'பைரேட் போர்க்' கரீபியனுக்காக எழுதப்பட்டது. ஆனால் விதிகளை வைத்துக்கொண்டு இடத்தை மாற்ற யாரும் தடை போடவில்லை. இந்த வகை விளையாட்டின் வழக்கமே அதுதான். 1696 மெட்ராஸ் கரை, 'ஜோசையா' கப்பல், கலகத்துக்கு முந்தைய ராத்திரி என்று ஆரம்பித்தால் ஒரு மாலைக்கான கதை ரெடி.

இடமே பாதி வேலையைச் செய்துவிடும். அப்போது மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் அலையைத் தாண்டிப் போக கயிற்றால் தைத்த மசூலா படகுகளையும் கட்டுமரங்களையும்தான் நம்ப வேண்டும். அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் நம்ம கடற்கரை மக்கள். ஆக, வெள்ளைக்கார மாலுமியாகத்தான் ஆட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ராத்திரியில் கலகக்காரர்களைக் கப்பலுக்கு ஏற்றிப் போகும் படகோட்டியாக ஆடலாம். கலகம் நடக்கப் போவது அவருக்குத் தெரிந்துவிட்டது. கோட்டையில் போய்ச் சொன்னால் காசு கிடைக்குமா, உதை கிடைக்குமா? சொல்லாமல் விட்டு நாளைக்கு மாட்டினால் என்ன ஆகும்? ஜெயிக்கும் வாய்ப்பு 45 சதவீதம். நீ என்ன பண்ற?

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஆட்டம் முழுக்கப் பேச்சுதான் என்பதால் தமிழிலோ தங்கிலீஷிலோ தாராளமாக ஆடலாம். செலவு பற்றிக் கவலை என்றால் ஒரு வழி இருக்கிறது. மூல விளையாட்டான 'மோர்க் போர்க்'கின் அடிப்படை விதிகளை அதன் பதிப்பாளர்களே 'பேர் போன்ஸ் எடிஷன்' என்ற பெயரில் இலவச பி.டி.எஃப்பாகக் கொடுக்கிறார்கள். அதை வைத்து முதலில் ஆடிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் 'பைரேட் போர்க்' வாங்கலாம். 20 பக்கப் பகடை கையில் இல்லையென்றால் போனில் உருட்டலாம். ஆனால் போனைத் தட்டுவதில் அந்தப் படபடப்பு வராது. மொட்டை மாடியில் ஆடுகிறீர்கள் என்றால் பேப்பர் பறக்காமல் இருக்க ஒரு கல்லும், பகடை உருட்ட ஒரு தட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு சன்ஷேடில் விழுந்த பகடையை ராத்திரி பதினொரு மணிக்கு எடுக்கப் போவது தனி சாகசம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. இருட்டான கதை என்றால் அடிமை வியாபாரம், சித்திரவதை, பாலியல் வன்முறை எல்லாம் அந்தக் காலத்துக்குள்ளேயே இருக்கின்றன. மேஜையில் உட்காருபவர்களில் யாருக்கு எது தாங்காது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் அனுபவசாலிகள் ஆட்டத்துக்கு முன்பே பத்து நிமிஷம் பேசிக்கொள்வார்கள். கதையில் வரவே கூடாத விஷயங்கள் எவை என்று ஒரு கோடு. கதையில் இருக்கலாம், ஆனால் விவரிக்காமல் திரை போட்டு நகர்ந்துவிட வேண்டியவை எவை என்று இன்னொரு பட்டியல். போதாததற்கு 'எக்ஸ் கார்டு' என்று ஒன்று உண்டு. ஜான் ஸ்டாவ்ரபவுலோஸ் என்பவர் பிரபலப்படுத்திய முறை. பேப்பரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுவார்கள். யாருக்காவது மனசு ஒப்பவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும். கேள்வி கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். 'என்னடா, விளையாட்டுதானே' என்ற வசனத்துக்கு அங்கே இடம் கிடையாது.

நாலு பேரில் யாராவது ஒருவர் கதைசொல்லியாக ஒத்துக்கொள்வதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. முதல் தடவை திக்கித் திணறத்தான் செய்வார்கள். ஒரே மாலையில் முடியும் சின்னக் கதையாக எடுத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் தினத்தந்தி கன்னித்தீவு மாதிரி தொடரும் போட்டுக்கொண்டே போகும், அதற்குள் இரண்டு பேர் வேலை மாறி பெங்களூருக்குப் போயிருப்பார்கள்.

அந்த இரண்டு கேப்டன்களுக்கும் கடைசியில் என்ன ஆனது? கிட்டை லண்டனில் விசாரித்து, 1701 மே 23 அன்று தேம்ஸ் நதிக்கரையில் தூக்கிலிட்டார்கள். முதல் தடவை கயிறு அறுந்து கீழே விழுந்தார். எழுப்பி நிற்க வைத்து மறுபடியும் தூக்கிலிட்டார்கள். உடலைத் தார் பூசி, கப்பலில் போகிறவர்கள் பார்க்கும்படி டில்பரியில் தொங்கவிட்டார்கள். கல்லிஃபோர்டும் லண்டனில்தான் மாட்டினார். ஆனால் இன்னொரு கொள்ளையருக்கு எதிராக சாட்சி சொல்வதாக ஒத்துக்கொண்டார், தூக்குக் கயிற்றிலிருந்து தப்பித்தார். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று வரலாற்றில் தடயம் இல்லை.